சிவப்புத் தரைக் கூடத்துக்கு எந்த நிறத்தில் சோபா? சாம்பலா, சந்தனமா?

கும்பகோணம் வீடு:

வணக்கம். கும்பகோணத்தில் அம்மா இருக்கும் வீட்டுக்கு ஒரு சோபா வாங்க வேண்டும். உயரம், அகலம், விலை எல்லாம் ஓரளவு முடிவாகிவிட்டது. நிறம்தான் இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டே போகிறது. வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் யோசனை சொல்ல உங்களுக்கும் வசதியாக இருக்கும்.

பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி தாண்டி உள்ளே வந்தால் கூடம், கூடத்தை ஒட்டி முற்றம். கூடம் 18 அடிக்கு 14 அடி. ஜன்னல் தெருப் பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. வெளிச்சம் முழுக்க முற்றத்தின் வழியாக மேலேயிருந்துதான் இறங்கும். குரங்குத் தொல்லை தாங்காமல் சில வருடங்களுக்கு முன் முற்றத்துக்கு மேல் கம்பியும் ஷீட்டும் போட்டுவிட்டோம்.

தரை ரெட் ஆக்ஸைடு. தாத்தா 1962ல் போட்டது. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து, இப்போது நின்றால் நிழல் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. டைல்ஸ் போடச் சொல்லிப் பலர் கேட்டாகிவிட்டது. அந்தத் தரையைத் தொடுவதாக இல்லை. சுவர் ஆஃப் ஒயிட். நான்கு தூண், நிலை, கதவு, ஊஞ்சல் எல்லாமே கருத்துப்போன தேக்கு. கிழக்குச் சுவரில் அப்பாவின் படம். நவராத்திரிக்கு 7 படி வைத்துக் கொலு வைப்பதும் இதே கூடத்தில்தான்.

இப்போது இருப்பது அப்பா வாங்கிய பிரம்பு சோபா செட். மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒற்றை நாற்காலி இரண்டு. பிரம்பு பிய்ந்து மேலே தலையணை போட்டு ஓட்டுகிறோம். அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இந்த சோபா தரையிலிருந்து 15 இஞ்ச்தான் இருக்கிறது. அதில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கை கொடுத்துத்தான் அம்மா எழ வேண்டியிருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் 18, 19 இஞ்ச் உயரம், கொஞ்சம் கெட்டியான சீட், கை ஊன்றி எழ இரண்டு பக்கமும் உறுதியான கைப்பிடி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் புதிது.

நிறத்துக்கு வருகிறேன். கண்ணை உறுத்தாத, எதனோடும் சண்டை போடாத நியூட்ரல் நிறமாக இருக்கட்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். பெங்களூரில் இருக்கும் தம்பி வெளிர் சாம்பல் என்கிறான். அம்மாவுக்குச் சந்தன நிறத்தில் ஆசை. எனக்குப் பழுப்பு மட்டும் வேண்டாம். தூணும் கதவும் ஊஞ்சலும் ஏற்கெனவே பழுப்பு. சோபாவும் அதே நிறத்தில் வந்தால் கூடம் இருண்டுவிடும்.

திருச்சியில் ஒரு ஷோரூமில் சாம்பல் துணி பார்த்தேன். அங்கே அவ்வளவு அழகாக இருந்தது, மழைக்கு முந்தைய மேகம் மாதிரி. கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். நம் கூடத்தில் தரைமேல் வைத்தால் பாசி படிந்த சிமெண்ட் மாதிரி ஆகிவிட்டது. அம்மாவுக்காக எடுத்த சந்தனத் துண்டும் அப்படித்தான். கடையில் சந்தனம், வீட்டில் பழுக்காத எலுமிச்சை. இரண்டாவது தடவை போய் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் உங்கள் பிரமை மேடம்" என்றார்கள். மனசுக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. அம்மாவும் நானும் தனித்தனியாகப் பார்த்து இரண்டு பேரும் ஒன்றையே சொன்னோம். இது பிரமை இல்லை.

சிவப்புத் தரை உள்ளவர்கள் யாராவது இருந்தால் என்ன நிறம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். துணி, அழுக்கு, துவைப்பு பற்றியும் தெரிந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். பட்ஜெட் 55,000 வரை.


வேளச்சேரி மூன்றாம் மாடி:

அக்கா, என் வீட்டில் க்ரீம் நிற விட்ரிஃபைடு டைல்ஸ், சிவப்புத் தரை இல்லை. ஆனாலும் சாம்பலைப் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்கள் அவசரப்பட்டு வாங்காமல் துண்டு எடுத்து வந்து பார்த்தது எவ்வளவு நல்லது தெரியுமா? நான் அதைச் செய்யவில்லை. போட்டோ பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

வந்து இறங்கிய சோபா நீலமாக இருந்தது. சாம்பல் என்று ஒரே பெயரில் விற்றாலும் ஒவ்வொரு சாம்பலுக்கும் உள்ளே ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது. சிலதில் நீலம், சிலதில் பச்சை, சிலதில் கத்தரிப்பூ. பீஜும் அப்படியே, சிலது மஞ்சள் பக்கம் சாயும், சிலது ரோஸ் பக்கம் சாயும். என்னுடையது நீலம் ஒளிந்த சாம்பல். க்ரீம் டைல்ஸில் மஞ்சள் இருந்ததால் பக்கத்தில் வைத்ததும் நீலம் துருத்திக்கொண்டு வந்துவிட்டது. போதாக்குறைக்கு ஹாலில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). ராத்திரி ஆனால் ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கும்.

பல்புகளை 4000 கெல்வினுக்கு மாற்றினேன். பாதி சரியானது. அப்புறம் தரையில் செங்கல் நிறப் பவானி ஜமக்காளம் ஒன்று விரித்தேன், இப்போது பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒளிந்திருக்கும் நிறத்தைக் கண்டுபிடிக்க நான் பிறகு கற்ற வழி ஒன்று உண்டு: துணித் துண்டை வெள்ளை ஏ4 தாளின் மேல் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் தரைக்குச் சாம்பல் போட்டால் சரிவராது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.


மதுரை குஷன்:

சகோதரி, 22 வருடமாக சோபா, குஷன் வேலை செய்கிறேன். நிறம் அவரவர் கண். ரிப்பேருக்கு என்னிடம் திரும்பி வருவது எது என்று மட்டும் சொல்கிறேன், அதிலிருந்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வெளிர் க்ரீம் சோபா வந்தால் நான் முதலில் பார்ப்பது தலை சாய்கிற இடத்தை. நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், இரண்டே வருடத்தில் அங்கே வட்டமாகக் கருத்துவிடும். பாலியஸ்டர் துணி எண்ணெயைப் பிடித்துக்கொண்டு விடாது. கைப்பிடியின் முன் பக்கமும் அப்படித்தான். ரொம்பக் கருப்பு, காபிக்கொட்டை நிறம் இதெல்லாம் அழுக்கு தெரியாது என்று வாங்குகிறார்கள். தூசியும் தலைமுடியும் பஞ்சும் அதில்தான் பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் நம் வீடுகளில் உழைக்கிறது.

நடுவிலும், ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் துணியைவிட இரண்டு மூன்று நிற நூல் கலந்து நெய்த துணியை எடுங்கள். தூரத்தில் பார்த்தால் ஒரே நிறமாக இருக்கும், கிட்டே போனால் வெளிர் நூலும் அடர் நூலும் தனித்தனியாகத் தெரியும். ஒரு சொட்டு காபி விழுந்தாலும் அது அந்த நூல்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

சாம்பிள் புத்தகத்தின் பின்னால் ரப்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், துணி எத்தனை தடவை தேய்ப்பைத் தாங்கும் என்ற கணக்கு அது. மார்ட்டின்டேல் என்ற சோதனை முறையில் 25,000க்கு மேல் இருந்தால் தினமும் புழங்குகிற வீட்டுக்குத் தாராளமாகத் தாங்கும். ரெக்ஸின் வேண்டாம். துடைக்கச் சுலபம் என்பார்கள், ஆனால் அந்த பியு (பாலியூரித்தேன்) கோட்டிங் ஈரக்காற்றில் உரிந்து உரிந்து கொட்டும். அம்மாவின் சேலையெல்லாம் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அமுங்கிப் போகிற சீட் ஆகவே ஆகாது.

மூன்று பேர் சோபாவுக்கு 54 இஞ்ச் அகலத் துணி 10லிருந்து 12 மீட்டர் ஆகும். சீட்டுக்கும் முதுகுக்கும் ஜிப் வைத்த கவராகத் தைக்கச் சொல்லுங்கள். அதோடு, சீட் கவருக்கு இன்னொரு செட் வருகிற அளவுக்கு அதே துணியை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே நம்பரைச் சொல்லிக் கேட்டாலும் வேறு சாய லாட் (வேறொரு தடவை சாயம் ஏற்றிய துணி) வரும், நிறம் ஒரு பொட்டு தள்ளியிருக்கும். அந்த ஒரு பொட்டு, பக்கத்தில் வைத்தால் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும்.


பிரம்பு நாற்காலி:

எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. அப்பா வாங்கிய பிரம்பு செட்டை என்ன செய்யப்போகிறீர்கள்? பிரம்பு பிய்ந்தால் மறுபடி பின்னலாமே. சட்டம் தேக்காக இருந்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும். சிவப்புத் தரைக்கும் கருத்த தேக்குக்கும் நடுவில் பிரம்பின் நிறத்தைப்போலப் பொருந்துகிற இன்னொன்று எனக்குத் தெரியாது. புதிதாகப் பின்னும்போது வெளிர் மஞ்சளாக இருக்கும், வருடம் போகப் போகத் தேன் நிறத்துக்கு வரும். கூடத்தின் நிறப் பிரச்சினைக்கு உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவின் முழங்காலுக்கு உயரம் வேண்டும் என்பது புரிகிறது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம்.


கரூர் சாயம்:

மேடம், எல்லோரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. முற்றத்தின் மேல் போட்டிருக்கும் ஷீட் என்ன நிறம்?


கும்பகோணம் வீடு:

பச்சை ஃபைபர் ஷீட். போட்டபோது நல்ல பச்சையாக இருந்தது, இப்போது வெளுத்து இளம்பச்சையாக இருக்கிறது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது!

பிரம்பு நாற்காலி அவர்களுக்கு: உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டு சின்ன நாற்காலியையாவது பின்னக் குடு" என்றார். நானாக இருந்தால் மொத்த செட்டையும் கொடுத்துவிட்டிருப்பேன். நன்றி.


கரூர் சாயம்:

நினைத்தது சரியாக இருந்தது. கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒரு ஆலையின் லேபில் ஷேடு மேட்சிங், அதாவது கேட்ட நிறத்தோடு துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வேலை செய்கிறேன். திரைச்சீலை, குஷன் கவர், மேஜை விரிப்பு என்று தினமும் இதே வேலைதான். உங்களுக்கு நேர்ந்தது பிரமை இல்லை. அந்த ஷோரூமில் அப்படிச் சொன்னதைப் படித்தபோது எனக்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் துணி விற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

துணிக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தில் எதைத் திருப்பி அனுப்புகிறதோ அதைத்தான் பார்க்கிறோம். உங்கள் கூடத்துக்குப் பகல் வெளிச்சம் முழுவதும் பச்சை ஷீட் வழியாக வடிகட்டி வருகிறது. அதில் சிவப்பு குறைந்துவிட்டது. கீழே இறங்குவதே பச்சை வெளிச்சம். சாம்பல் துணி வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும், அதனால் பச்சையாகத் தெரிகிறது. சந்தனத்தில் உள்ள மஞ்சள், பச்சையோடு சேர்ந்து எலுமிச்சையாகிறது. அம்மாவும் நீங்களும் வருடக்கணக்கில் அதே கூடத்தில் இருப்பதால் கண் அதற்குப் பழகியிருக்கும். சுவர் வெள்ளையாகவே தோன்றும். புதிதாக ஒரு துண்டு உள்ளே வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் தரை. சிவப்புக்குப் பக்கத்தில் வைக்கிற எந்தச் சாம்பலும் பச்சைப் பக்கம் சாய்ந்ததுபோலத் தெரியும், நம் கண் அப்படித்தான் வேலை செய்கிறது. பாரிஸில் கோபலான் என்ற, சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகள் நெய்யும் அரசு ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839ல் அதைப் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் எங்கள் வேலைக்கு அதுதான் அடிப்படை. ஆக உங்கள் வீட்டில் சாம்பலுக்கு மேலிருந்து ஒரு பச்சை, தரையிலிருந்து ஒரு பச்சை. தப்பிக்க வழியே இல்லை.

கடையில் ஏன் நன்றாக இருந்தது? அங்கே விளக்கு வேறு. எங்கள் லேபில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டி65 என்ற பகல் வெளிச்சம், 4000 கெல்வினில் டிஎல்84 என்ற கடை வெளிச்சம், பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்த இரண்டு துண்டு, அடுத்த விளக்கில் அடையாளமே தெரியாமல் பிரிந்துபோகும். மெட்டமெரிசம் என்போம். ஒரே விளக்கில் பார்த்து ஷேடுக்கு ஒப்புதல் கொடுத்தால் எங்களுக்கு மொத்த லாட்டும் திரும்பி வந்துவிடும். உங்களுக்கு ஒரு சோபா.

அதனால் என் யோசனை, துணியைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முதலில் ஷீட்டை மாற்றுங்கள். பால் வெள்ளை நிற பாலிகார்பனேட் போடுங்கள். கண்ணாடி மாதிரி தெளிவான ஷீட் வேண்டாம், மத்தியான வெயில் நேராகத் தரையில் விழுந்து கூடம் கொதிக்கும், துணியும் சீக்கிரம் வெளுக்கும். பால் வெள்ளையில் வெளிச்சம் பரவி இறங்கும். யுவி பூச்சு உள்ள பக்கம் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் படலத்தில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும், வேலை செய்பவர் அதை உரித்துவிட்டுத் தலைகீழாகப் போட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம் ஏ4 தாள் யோசனை. வேளச்சேரி சகோதரி சொன்னது ஒளிந்திருக்கும் நிறத்தைப் பிடிக்க நல்ல வழிதான். ஒரு சின்னத் திருத்தம்: தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள், பகல் வெளிச்சத்தில் அது கொஞ்சம் நீலமாக ஒளிரும், அதனால் பீஜ் துணி இருப்பதைவிட மஞ்சளாகத் தெரியும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியிலும் அதே சிக்கல் வரும். உங்கள் வீட்டில் சோபா தாளின் மேல் உட்காரப்போவதில்லை, தரையின் மேல்தான். துண்டைத் தரையிலேயே வையுங்கள். கொஞ்சம் பெரிய துண்டாக, ஒரு முழம் இருந்தால் நல்லது. அதையும் தட்டையாகப் போடாமல் ஒரு நாற்காலியின் முதுகில் தொங்கவிடுங்கள். தரையில் பட்ட வெளிச்சம் சிவப்பை எடுத்துக்கொண்டு மேலே எழும்பும். சோபாவின் அடிப்பாகம் எப்போதும் கொஞ்சம் செம்மை கூடித்தான் தெரியும். அதையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும்.

சிவப்புத் தரையில் நியூட்ரல் எது என்று கேட்டால், உள்ளே கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் உள்ள மண் நிறங்கள்தான். சணல், கோதுமைத் தவிடு, காய்ந்த தேங்காய் நார், இந்த வரிசை. க்ரீம் டைல்ஸ் போட்ட வீட்டில் இதே துணி பழுப்பு என்று தெரியும். உங்கள் தரைமேல் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும்.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு நிறம் நிற்குமா என்று கேளுங்கள். ப்ளூ வுல் அளவில் 1லிருந்து 8 வரை மதிப்பெண் உண்டு, 5க்குக் குறையாமல் எடுங்கள். முற்றத்துப் பக்கம் போடுகிற சோபா என்றால் இது முக்கியம்.


வேளச்சேரி மூன்றாம் மாடி:

ஏ4 தாளில் இப்படி ஒரு விஷயம் இருப்பது எனக்குத் தெரியாது, நன்றி அண்ணா. இத்தனை நாளாக எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், இனிமேல் திருத்திச் சொல்கிறேன். மஞ்சள் கறைக்கு ஏதாவது வழி உண்டா? என் பையன் சாப்பாட்டுத் தட்டோடு சோபாவில்தான் உட்காருவான்.


கரூர் சாயம்:

மஞ்சள் கறையைத் தேய்க்கக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சோப்பு பட்டதும் செக்கச்செவேல் என்று ஆகும், பயப்பட வேண்டாம், சோப்பின் காரம் போக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சம் உள்ள மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து. மஞ்சளின் சாயம் வெயிலில் நிற்காது. ஜிப் கவராக இருந்தால் கழற்றி வெயிலில் காயப்போடலாம், இரண்டு மூன்று வெயிலில் மங்கிவிடும். மதுரை அண்ணன் சொன்ன ஜிப்பின் அருமை அங்கே தெரியும்.


கும்பகோணம் வீடு:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே ஷீட்டை மாற்றினோம். பால் வெள்ளை பாலிகார்பனேட். பழைய பச்சை ஷீட்டைக் கழற்றி, புதியதைப் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் முற்றம் திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் கூடத்துக்குள் வந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். தரை இவ்வளவு சிவப்பு என்பது மறந்தே போயிருந்தது. அப்பா படத்தில் அவர் போட்டிருக்கும் சட்டை வெள்ளை என்று அன்றுதான் திரும்பத் தெரிந்தது. அதுவரை அது ஏதோ வெளிர்நிறச் சட்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கரூர் சாயம் சார், நீங்கள் கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

யுவி பக்கம் பற்றி நீங்கள் எச்சரித்ததும் பலித்தது. முதல் ஷீட்டைத் தலைகீழாகத்தான் மாட்டப் பார்த்தார்கள், பக்கத்தில் நின்றதால் தடுக்க முடிந்தது.

இரண்டாவது, நாற்காலிகள். இரண்டு ஒற்றை நாற்காலியையும் பின்னக் கொடுத்தோம். பெரிய சோபாவின் சட்டம் உள்ளே செல்லரித்திருந்தது, அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அதன் இரண்டு கைப்பிடிகளும் நல்ல தேக்கு, அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்னி வந்த நாற்காலிகள் நீங்கள் சொன்னபடியே வெளிர் மஞ்சள். அம்மா தினமும் ஒரு தடவையாவது அவற்றைத் தடவிப் பார்க்கிறார்.

மூன்றாவது, துணி. இந்தத் தடவை திருச்சிக்குப் போகவில்லை. தஞ்சாவூரில் குஷன் துணி மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடையில் சாம்பிள் புத்தகம் பார்த்து, நான்கு நிறத்தில் அரை மீட்டர் அரை மீட்டராகக் காசு கொடுத்தே வாங்கி வந்தேன். 1,100 ரூபாய் ஆயிற்று. வெளிர் சணல், கோதுமைத் தவிடு, ஈரமண், இன்னொன்று பெயர் சொல்லத் தெரியாத நிறம். நான்கையும் நான்கு நாற்காலியின் முதுகில் தொங்கவிட்டு ஒரு வாரம் வைத்திருந்தோம். காலை 7 மணி, மத்தியானம், விளக்கு வைக்கும் நேரம், ராத்திரி டியூப்லைட் என்று நான் எழுதியே வைத்தேன்.

வெளிர் சணல் காலையில் மிக அழகு, ஆனால் டியூப்லைட்டில் வெளிறிப்போனது. புதுப் பிரம்புக்குப் பக்கத்தில் இரண்டும் ஒன்றாகவும் இல்லை, வேறாகவும் இல்லை, ஏதோ சாயம் போனதைப்போல இருந்தது. ஈரமண்ணைத் தூண் விழுங்கிவிட்டது. தவிடு நன்றாகவே இருந்தது. நான் அதைத்தான் எடுப்பதாக இருந்தேன்.

பெயர் தெரியாத நான்காவதை அம்மாதான் கண்டுகொண்டார். சாயங்காலம் 5 மணிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, "அது வாழைச் சருகுடி" என்றார். அப்படியேதான். கொல்லையில் காய்ந்து தொங்குகிற வாழைச் சருகின் நிறம். பழுப்பும் இல்லாமல் சந்தனமும் இல்லாமல், கிட்டே பார்த்தால் வெளிர் நூலும் தேன் நிற நூலும் கொஞ்சம் சாம்பல் நூலும் கலந்து நெய்தது. பிரம்பைவிட இரண்டு படி அடர்த்தி, தேக்கைவிட நான்கு படி வெளிர். பெயர் கிடைத்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. கூடத்தில் அது ஏற்கெனவே பல வருடம் இருந்த பொருள் மாதிரி இருக்கிறது. தம்பிக்கு வீடியோவில் காட்டினேன். சாம்பல் நூலைத் தேடிக் கண்டுபிடித்து அவனும் சமாதானமாகிவிட்டான்.

ரப்ஸ் 30,000 என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வெளிச்சத்துக்கு 5. ஜிப் கவர், 40 டென்சிட்டி, சீட் உயரம் 18½ இஞ்ச். உள்ளூர் ஆசாரி ஒருவர் தேக்குச் சட்டம் செய்கிறார். எடுத்து வைத்த பழைய கைப்பிடிகளைக் காட்டி, இதையே புது சோபாவில் பொருத்த முடியுமா என்று கேட்டேன். அளந்து பார்த்தார். நீளம் 1 இஞ்ச்தான் குறைகிறது, முன்னால் ஒரு துண்டு சேர்த்துச் செய்துவிடலாம் என்றார். அம்மா எழும்போது ஊன்றப்போவது அப்பா கை வைத்திருந்த அதே கட்டையை.

மொத்தம் 51,000 ஆகிறது, ஷீட் செலவு தனி. மதுரை அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டு அதே லாட்டில் 6 மீட்டர் கூடுதலாக எடுத்து, வேப்பிலை போட்டுப் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். தலை சாய்கிற இடத்துக்கு அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து மூன்று துண்டு வெட்டி ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறார். அரக்குச் சிவப்பு. அதுவும் தரையோடு சேருமா என்று இனிமேல்தான் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.